ஆபீசுக்குள் ஒரு மொட்டை

சொந்த மேலதிகாரியை அவருடைய ஆபீசிலிருந்தே, கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக, வெளியேற்றிய குமாஸ்தாக்கள் இந்த நாட்டில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். இருக்கும் ஒன்றிரண்டு பேரில் நான் ஒருவன். இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பாதிக் கதைவரைக்கும் நானும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பேன்.

ஆந்திரா தனி மாநிலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். எந்தக் கிராமம் இந்தப் பக்கம், எந்தக் கிராமம் அந்தப் பக்கம் என்று எல்லைத் தகராறு ஓடிக்கொண்டிருந்தது. ஊர் ஊராகப் போய் ஜனங்களிடம் விசாரித்து மேலே எழுதி அனுப்ப ஒரு கேம்ப் ஆபீஸ் போட்டிருந்தார்கள். ஆபீஸ் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மூன்று ஆட்கள், ஒரு டைப்ரைட்டர், இரண்டு டிரங்குப் பெட்டி, அவ்வளவுதான். அதிகாரி கோதண்டராமையா, மதனப்பள்ளிப் பக்கத்துத் தெலுங்குக்காரர். பியூன் மஸ்தான், சித்தூர்க்காரர், எங்கள் இருவரையும்விட மூத்தவர். மூன்றாவது ஆள் நான், முனிரத்தினம். புத்தூர் பக்கத்து விவசாயக் குடும்பம். டைப் தெரியுமா, தமிழும் தெலுங்கும் பேசுவாயா என்று கேட்டு வேலை கொடுத்தார்கள். வாயை எப்போது மூட வேண்டும் என்று தெரியுமா என்று மட்டும் கேட்காமல் விட்டுவிட்டார்கள்.

அந்த வேலையில் எனக்கிருந்த ஒரே கஷ்டம், ஓரிடத்தில் நிலையாக இல்லாததுதான். சித்தூரில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு லாட்ஜ். கீழே காபி ஹோட்டல். விடிவதற்குள் தாளிக்க ஆரம்பித்துவிடுவார்கள். தலைகாணியே சாம்பாரில் ஊறியது மாதிரி இருக்கும். சரி, பழகிக்கொள்ளலாம் என்று மூக்கு சம்மதிக்கும் நேரத்தில் பெட்டியைக் கட்டச் சொல்வார்கள். புத்தூரில் சத்திரம். சத்தியவேட்டில் ரைஸ்மில் கொட்டகைதான் ஆபீஸ். மேஜை கிடையாது. நெல் மூட்டைகளை அடுக்கி அதன்மேல் டைப்ரைட்டரை வைத்தேன். ஒவ்வொரு வரி அடிக்கும்போதும் அது நெல்லுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போனது. மத்தியானத்துக்குள் நான் கிணற்றை எட்டிப் பார்ப்பவனைப் போல் குனிந்து டைப் அடித்துக்கொண்டிருந்தேன். காளஹஸ்தியில் கொடுத்த இடம் நாலு பக்கமும் திறந்த ஒரு தாழ்வாரம். அது வாயு ஸ்தலம் என்பதில் எனக்கு இருந்த சந்தேகமும் அன்றைக்குத் தீர்ந்தது. அரசாங்கக் காகிதங்கள் தெருவில் பறக்க, மஸ்தான் பின்னாலேயே ஓடினார்.

நகரியில் ஒரு விடியற்காலை எழுந்து, முந்தின ஊர் அறையின் நினைப்பில் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனேன். எதிரில் சுவர். “யாரோ வெளிய பூட்டிட்டாங்க” என்று கூப்பாடு போட்டேன்.

பின்னாலிருந்து மஸ்தான் சொன்னார்: “கிளார்க்கு சார், நீங்க இன்னும் வெளிய போவல. அலமாரிக்குள்ள நின்னுக்கினு கீறீங்க.”

கோதண்டராமையாவுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. சத்திரமோ, மில்லோ, பஸ்ஸோ, தலையைச் சாய்த்ததும் குறட்டை வந்துவிடும். நான் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு அந்தக் குறட்டையைப் பொறாமையோடு கேட்டுக்கொண்டிருப்பேன். ஆள் பார்க்க லட்சணமாக இருப்பார். நடு வகிடு எடுத்து எண்ணெய் வைத்துப் படிய வாரிய சுருட்டை முடி. அதற்குப் போட்டியாக மீசை. கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு. தூரத்தில் பார்த்தே, ‘அதோ அதிகாரி வருகிறார்’ என்று ஜனங்கள் ஒதுங்கி நிற்பார்கள். இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், என் தரப்பில் சொல்லிக்கொள்ள இது ஒன்றுதான் இருக்கிறது.

அடுத்து திருப்பதிக்குப் போனோம். தங்குவதற்கு ஒரு லாட்ஜ். ஆபீசுக்கு, மலைப்படி தொடங்கும் அலிபிரிக்குப் போகும் வழியில், கோடை விடுமுறைக்கு மூடியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறை. முதல் நாளே ஒரு யாத்திரைக் கூட்டம் உள்ளே புகுந்து, ஈர வேட்டிகளை எங்கள் வரைபடங்களின்மேல் காயப்போட்டுவிட்டது. ஆந்திராவும் சென்னை ராஜ்யமும் அன்றைக்கு ஒற்றுமையாக நனைந்தன. கோதண்டராமையா கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். “முனிரத்னம், இனிமே நம்ம ஆளுங்க தவிர யாரையும் உள்ள விடக்கூடாது. யாரா இருந்தாலும் சரே” என்றார். ‘சரி’ அவர் வாயில் எப்போதும் ‘சரே’தான்.

மறுநாளே டைப்ரைட்டரில் இங்கிலீஷ் ‘ஈ’ எழுத்து உடைந்தது. ‘ஈ’ இல்லாமல் ‘வில்லேஜ்’ என்று எழுத முடியாது. எங்கள் ஆபீசில் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் வேலையே. சித்தூருக்குப் போய் ரிப்பேர் செய்துகொண்டு வரச் சொன்னார்கள். ரிப்பேர்க்காரர் இன்று நாளை என்று இழுத்ததில் சில நாட்கள் அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. பழைய சாம்பார் லாட்ஜில்தான். அங்கேயும் சரியாகத் தூங்கவில்லை. திரும்பும்போது, பஸ் கூரைமேல் போட்டால் மறுபடி உடைந்துவிடுமென்று டைப்ரைட்டரை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். திருப்பதியில் இறங்கியபோது தொடை இரண்டும் என்னுடையவையாகவே இல்லை. நல்ல வெயில். டைப்ரைட்டரைத் தோளில் சுமந்துகொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்து வகுப்பறைக்குள் கால் வைத்தேன். வெளிச்சத்திலிருந்து வந்ததால் முதலில் கண் தெரியவில்லை. தெரிந்தபோது, கரும்பலகைக்குக் கீழே ஒரு மொட்டைத் தலை தெரிந்தது.

பாயைப் போட்டுச் சுவர்ப் பக்கமாகத் திரும்பி ஒரு ஆள் படுத்திருந்தார். இடுப்பில் ஒரு வேட்டி, அவ்வளவுதான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான்கு நாள் ஊரில் இல்லாவிட்டால் ஆபீசைச் சத்திரமாக்கிவிடுவார்களா?

“ஏமய்யா, லெய், லெய்” என்று முதலில் தெலுங்கில் எழுப்பினேன். அசைவு மெதுவாக இருந்ததால் தமிழுக்கு மாறினேன். “யோவ், எழுந்திரு. இது சர்க்கார் ஆபீசு. மொட்டை போட்டுக்கினா எங்க வேணா படுத்துக்கலாமா?”

அவர் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார். மீசை இல்லாத முகம். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. (மலைமேல் தண்ணீர் ரொம்பச் சில்லென்று இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.) எழுந்து பாயைச் சுருட்டினார். இத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் எதிர்த்துப் பேசாத ஆளைக் கண்டால் எனக்கு அந்த வயதில் வீரம் கூடிவிடும்.

“பெரிய மனுஷனாட்டம் இருக்கறே. கேக்காம கொள்ளாம அடுத்தவங்க எடத்துல படுக்கக் கூடாதுன்னு உங்கம்மா சொல்லிக் குடுக்கலியா?”

பாயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசல்வரை போனவர் அங்கே ஒரு கணம் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு படியிறங்கிப் போய்விட்டார்.

நான் டைப்ரைட்டரை இறக்கி வைத்து, அதிகாரியின் நாற்காலியைத் துண்டால் தட்டித் துடைத்தேன். கோதண்டராமையா வந்து இதைப் பார்த்தால் மெச்சிக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது மஸ்தான் உள்ளே வந்தார். ஒரு கையில் புது மண்சட்டி, இன்னொரு கையில் துணியில் முடிந்த அரிசி, கக்கத்தில் விறகு.

“ஐயா எங்க?” என்றார்.

“ஐயா வரல. ஒரு மொட்டைதான் படுத்துக்கினு இருந்தான். தொரத்தி விட்டுட்டேன்.”

மஸ்தான் சட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். உடைந்துவிடக் கூடாதே என்று பயந்தவர்போல் அவ்வளவு மெதுவாக.

“மீசை இருந்துதா?”

“இல்ல. அதையும் வழிச்சிக்கினு இருந்தான்.”

“கிளார்க்கு சார், அது நம்ம ஐயா. காலையிலருந்து ஒண்ணும் துன்னல…”

அவர் மேலே சொல்ல வந்ததை நான் கேட்டிருந்தால் என் ஆயுசில் ஒரு அவமானமாவது குறைந்திருக்கும். கேட்கவில்லை. ஓட ஆரம்பித்துவிட்டேன். ஓடும்போதே மூளை கணக்குப் போட்டது. திருப்பதியில் ஒருவர் மொட்டை போட்டிருக்கிறார் என்றால் வேண்டுதல். வேண்டுதல் என்றால் நல்ல காரியம் நடந்திருக்கிறது. நல்ல காரியம் நடந்தவர் சந்தோஷமாக இருப்பார். அந்தச் சந்தோஷத்தைக் கிளறிவிட்டால் நான் துரத்தியதை மறந்துவிடுவார்.

பள்ளிக்கூடக் கிணற்றுக்குப் பக்கத்தில், புங்க மரத்து நிழலில் அவர் உட்கார்ந்திருந்தார். பாய் பக்கத்தில் இருந்தது. நான் கைகூப்பிக்கொண்டு, இருக்கிற பல்லையெல்லாம் காட்டிக்கொண்டு போய் நின்றேன்.

“சார், மன்னிச்சிக்கணும் சார். அடையாளமே தெரில. வேண்டுதலா சார்? சொல்லவே இல்லியே. தரிசனம் நல்லா ஆச்சா? லட்டு எங்கே சார்?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “லட்டு லேதய்யா, முனிரத்னம்” என்றார். தெலுங்கில் சொன்னது எனக்குப் புரியவில்லையோ என்று நினைத்தவர்போல், பிறகு தமிழில் சொன்னார்: “அம்மா போயிடுச்சி.”

கிணறு பக்கத்திலேயே இருந்தது. குதித்துவிடலாமா என்று பார்த்தேன். கோடையில் அதுவும் வற்றிப்போயிருந்தது.

மஸ்தான் பின்னாலேயே வந்து மற்றதைச் சொன்னார். அவருடைய தாயார் மதனப்பள்ளியில் தம்பி வீட்டில் இருந்தார். உடம்பு மோசமானதும், நான் டைப்ரைட்டரோடு அங்கே போய்ச் சேர்வதற்கு முன்பே, தம்பி ஒரு ஆளைச் சித்தூருக்கு அனுப்பியிருக்கிறார். லாட்ஜில் காலி செய்துவிட்டார்கள் என்று சொல்லிப் புத்தூருக்குக் கைகாட்டியிருக்கிறார்கள். புத்தூர்ச் சத்திரத்தில் சத்தியவேடு என்றிருக்கிறார்கள். அங்கிருந்து நகரி, அங்கிருந்து காளஹஸ்தி. நாங்கள் படுத்தெழுந்து விட்டுவந்த ஒவ்வொரு அறையின் கதவையும் அந்த மனுஷர் வந்து தட்டியிருக்கிறார். திருப்பதியில் எங்களைக் கண்டுபிடித்தபோது அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. மூத்த மகனுக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டுத் தம்பியே கொள்ளி வைத்துவிட்டார்.

கோதண்டராமையா கபில தீர்த்தத்தில் முழுகி, மொட்டை போட்டுக்கொண்டு லாட்ஜுக்குத் திரும்பினார். லாட்ஜுக்காரர் கைகூப்பிக்கொண்டு வாசலிலேயே நின்றாராம். தங்கியிருப்பவர்களெல்லாம் மலைக்குப் போகிறவர்கள், தீட்டோடு உள்ளே விட்டால் அவர்கள் சண்டைக்கு வருவார்கள், தப்பாக நினைக்க வேண்டாம் என்றாராம். ஊருக்குப் போகலாம் என்றால், மறுநாள் விசாரணைக்கு எல்லைக் கிராமத்துக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார்கள். அவர்களைத் திருப்பி அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. கருமாதிக்குப் போய்க்கொள்ளலாம் என்று முடிவு செய்து, இருக்க இடமில்லாமல், தன்னுடைய ஆபீசுக்கே பாயை எடுத்துக்கொண்டு வந்து படுத்திருக்கிறார்.

“சார்” என்றேன்.

“நீ சரியாத்தான் செஞ்சே. யாரையும் விடாதேன்னு நான்தானே சொன்னேன்.”

“சார்…”

“அம்மா சொல்லிக் குடுக்கலியான்னு கேட்டியே.”

“அத மறந்துடுங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

“இல்லப்பா. கேட்டதுல தப்பில்ல. அந்த ஆள் வந்து சொல்லிட்டுப் போனப்பறம் அம்மாவப் பத்தி என்கிட்ட ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கல. நீதான் கேட்டே.”

அவர் பேச ஆரம்பித்தார். அவருடைய தமிழ் கொஞ்ச தூரம் நடந்து, களைத்து, தெலுங்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். எனக்கு இரண்டும் புரிந்தது. ஒவ்வொரு தடவை வீட்டுக்குப் போகும்போதும் அந்த அம்மாள், இப்போது எந்த ஊரில் இருக்கிறாய் என்று கேட்பாராம். இவர் ஒரு ஊரைச் சொல்வார். அடுத்த தடவை அது வேறு ஊராகியிருக்கும். கடைசியில் அந்த அம்மாள் ஊர்ப் பெயர் கேட்பதையே விட்டுவிட்டார். படுக்கிற இடத்தில் தலைகாணி இருக்கிறதா என்று மட்டும் கேட்பாராம். இல்லாத ஊரிலும் இருக்கிறது என்று இவர் சொல்லிவிடுவார். “நான் எங்க போனாலும் தூங்கறேன்னு நீ ஆச்சரியப்படுவியே. அது அப்பிடித்தான். தலைகாணி இருக்குன்னு அம்மா நெனச்சிக்கினு இருக்குதே, அது போதும்னு தூங்கிடுவேன்” என்றார்.

அவர் அழவில்லை. நான் அழுதேன். சத்தம் போட்டே அழுதேன். அவர் எழுந்து வந்து என் தோளைத் தட்டிக் கொடுத்தார். தாயைப் பறிகொடுத்தவர் அவர். தேற்ற வேண்டியிருந்தது என்னை. மஸ்தான் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, செங்கல் வைத்து அடுப்புக் கூட்டப் போய்விட்டார்.

அன்று நானும் லாட்ஜிலிருந்து என் படுக்கையை எடுத்துக்கொண்டு வகுப்பறைக்கே வந்துவிட்டேன். அவர் தன் கையாலேயே பொங்கி, உப்பில்லாமல் ஒரு வேளை சாப்பிட்டார். நாங்கள் ஹோட்டலுக்குப் போய்ச் சாப்பிடுகிறோம் என்று கிளம்பி, போகாமல், புங்க மரத்தடியில் ஆளுக்கொரு வாழைப்பழத்தோடு உட்கார்ந்திருந்தோம். பிறகு மூவரும் கரும்பலகைக்குக் கீழே வரிசையாகப் படுத்தோம். வெறும் தரை. ஜன்னல் கதவு ஒன்று கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. எத்தனையோ கட்டில்களில் தூங்காத நான் அங்கே கட்டையாகத் தூங்கிவிட்டேன். விடியற்காலை எழுந்தபோது, கோதண்டராமையா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் பாய் கசங்கவே இல்லை. அவர் குறட்டைக்காக நான் ஏங்கியது அன்றைக்குத்தான்.

காலையில் ஜனங்கள் வந்து சேர்ந்தார்கள். ஒரே கிராமத்தின் இரண்டு கட்சி. தமிழ்க்காரர்கள் தாழ்வாரத்தின் ஒரு ஓரம், தெலுங்குக்காரர்கள் மறு ஓரம். வழியெல்லாம் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டே வந்திருந்தார்கள். இங்கே அதிகாரி முன்னால் அதைப் பெரிதாகப் போடத் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்கள். கோதண்டராமையா கோட்டு இல்லாமல், மேல்துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

தமிழ்க் கூட்டத்திலிருந்து ஒரு அம்மாள், கூலி வேலை செய்து காய்ப்பேறிய கைகள், முன்னால் வந்து சிரித்த முகத்தோடு கேட்டாள்: “வேண்டுதலாங்க சாமி? எந்தக் கொழந்தைக்கு?”

நேற்று நான் செய்த அதே தப்பு. இன்னொருவர் அதைச் செய்யவிடக் கூடாது என்று துடித்தேன். டைப்ரைட்டருக்குப் பின்னாலிருந்து எழுந்து நின்று, “வேண்டுதல் இல்ல. சாவு, சாவு” என்று கத்திவிட்டேன். அலிபிரிப் படியேறிக்கொண்டிருந்தவர்களுக்கே கேட்டிருக்கும்.

கோதண்டராமையா கண்களை மூடிக்கொண்டார். மஸ்தான் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

அந்த அம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டாள். “யாருங்க?”

“அம்மா.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். மறு ஓரத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தலைப்பாகையை அவிழ்த்தார்கள்.

“கடைசியில கூட யாரு இருந்தாங்க?”

“தம்பி இருந்தான்.”

“நீங்க?”

“நான் எந்த ஊர்ல இருக்கறேன்னு யாருக்கும் தெரிலம்மா.”

துக்கம் விசாரிக்க வந்த வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் இரண்டு கட்சியும் உட்கார்ந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவரே, “சரே, சொல்லுங்க” என்றார். எங்களுக்கு இந்த ராஜ்யம் வேண்டும், அந்த ராஜ்யம் வேண்டும் என்று சொல்ல வந்ததை அவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தணிந்த குரலில் சொன்னார்கள். ஒருவர் பேசும்போது எதிர்க்கட்சி குறுக்கே பேசவில்லை. நான் டைப் அடிக்கவில்லை. அந்தச் சத்தம் கேட்கச் சகிக்காது என்று பென்சிலால் எழுதிக்கொண்டேன். முடிந்ததும் எழுந்து போனார்கள். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது வருகிறேன் என்று சொல்லக் கூடாதல்லவா? தமிழ்க்காரர்களும் சொல்லவில்லை, தெலுங்குக்காரர்களும் சொல்லவில்லை. இரண்டு கூட்டமும் சொல்லிக்கொள்ளாமல், திரும்பிப் பார்க்காமல், ஒரே வழியாக இறங்கிப் போனது.

கோதண்டராமையா அன்று சாயங்காலமே மதனப்பள்ளிக்குப் பஸ் ஏறினார். திரும்பி வந்தபோது முடி லேசாக முளைத்திருந்தது. மறுபடி பெட்டி கட்டினோம், மறுபடி ஊர் மாறினோம். எல்லையும் ஒருவழியாக முடிவானது. எங்கள் ஊர் ஆந்திரப் பக்கமே நின்றுவிட்டது. அந்தச் சின்ன ஆபீசைக் கலைத்து, அவரை வடக்கே எங்கோ கடலோர ஜில்லாவுக்கு மாற்றினார்கள். அதற்கப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை. இருக்கிறாரா என்றும் தெரியாது.

விஷயம் என் வீட்டுக்குத் தெரிந்தது மஸ்தானால். என் கல்யாணப் பந்தியில் சம்பந்தி வீட்டார் நடுவே உட்கார்ந்துகொண்டு, லட்டு பரிமாறும் நேரம் பார்த்து, மாப்பிள்ளையின் பெருமையை எடுத்துச் சொல்லிவிட்டார். என் மனைவி சரோஜா தாலி ஏறின அன்றே சிரிக்க ஆரம்பித்தவள். பாதிக்குமேல் நடந்ததை மஸ்தான் அங்கே சொல்லவில்லை. கல்யாண வீட்டில் சொல்லக்கூடியதா அது.

திருப்பதியில் அவரைத் துரத்திய நாளிலிருந்து எனக்கு ஒரு வியாதி ஒட்டிக்கொண்டது. மொட்டை போட்ட ஒருவர் எதிரில் வந்து நின்றால் என்னால் உட்கார்ந்திருக்க முடியாது. கால்கள் தானாக எழுந்துவிடும். அவர் வேண்டுதல் முடித்து வருகிறாரா, யாரையாவது பறிகொடுத்துவிட்டு வருகிறாரா என்று பார்த்தால் தெரிவதில்லை. கேட்பதற்கோ எனக்கு வாய் கிடையாது. அதனால் எழுந்து இடம் கொடுத்துவிடுகிறேன். வேறு எந்த ஊரில் இருந்தாலும் இதைச் சமாளித்துக்கொள்ளலாம். நான் இருப்பது திருப்பதிக்கும் புத்தூருக்கும் நடுவில். பஸ்ஸில் ஏறுகிறவர்களில் பாதிப்பேர் மொட்டை. “எங்க நைனாவோட திருப்பதி போனா அவருக்கு டிக்கெட்டு வேஸ்ட்டு” என்று என் மகள் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

போன மாதம் பேரனுக்கு முடியிறக்கிவிட்டுக் குடும்பத்தோடு திரும்பிக்கொண்டிருந்தோம். சந்தனம் பூசின தலையோடு அவன் என் எதிரில் வந்து நின்றான். எழுந்து இடம் கொடுத்தேன். அவன் உட்கார்ந்துகொண்டு காலை ஆட்டினான். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் ஒரு சீட் காலியானது. கண்டக்டர் என்னைப் பார்த்து, “பெரியவரே, எடம் இருக்குது, உக்காருங்க” என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் சரோஜா முந்திக்கொண்டாள்.

“அவர வுடுப்பா. ரேணிகுண்டாவுல இன்னும் ரெண்டு மொட்டை ஏறும்.”